அக்காவின் பின்னல் ஊசியும் தம்பியின் பறவையும்: தார்யெய் வேசாஸின் ‘பறவைகள்’

நார்வே எழுத்தாளர் தார்யெய் வேசாஸ் 1957இல் எழுதிய ‘பறவைகள்’ நாவலைப் பரிந்துரைப்பவர்கள் பெரும்பாலும் அதைத் தனிமையின் நாவல் என்றே சொல்கிறார்கள். அது தவறன்று. ஆனால் அந்த ஒரு சொல்லை நம்பி வாங்குகிறவர், ஆளரவமற்ற பனிக்காட்டில் ஒருவன் ஜன்னலோரம் உட்கார்ந்து பெருமூச்சு விடும் கதையை எதிர்பார்த்துவிட்டு, முதல் பத்துப் பக்கங்களிலேயே குழம்பிப் போகக்கூடும். இந்த நாவலின் மாத்திஸுக்கு வீடு இருக்கிறது, வேளைக்குச் சமைத்துப் போட அக்கா இருக்கிறாள், நடந்து போகும் தூரத்தில் ஊர் இருக்கிறது, கடைக்காரர் இருக்கிறார், வேலை கேட்டுப் போனால் முகம் சுளிக்காமல் ஒரு வாய் காப்பி கொடுக்கும் விவசாயிகள் இருக்கிறார்கள். முதுகுக்குப் பின்னால் பட்டப்பெயர் வைத்து அழைப்பார்களே தவிர, நேருக்கு நேர் அவனைக் கடிந்துகொள்பவர் அநேகமாக எவரும் இல்லை. எல்லோரும் அவனிடம் இரண்டு வார்த்தை இதமாகப் பேசுகிறார்கள். அவன் உண்மையாகவே சொல்ல வந்ததைச் சொல்லத் தொடங்கும் நேரத்தில் அவர்களுக்கு வேறு வேலை வந்துவிடுகிறது. இந்தத் தனிமையைத்தான் வேசாஸ் எழுதியிருக்கிறார்.

மாத்திஸுக்கு வயது 37. அக்கா ஹேகெக்கு 40. தாய் தகப்பன் போய்விட்டார்கள். ஏரிக்கரையில், காட்டை ஒட்டிய சிறிய வீட்டில் இருவரும் வசிக்கிறார்கள். மாத்திஸுக்குப் புத்தி சற்று மட்டு. எந்த வேலையும் அவனிடம் நிலைப்பதில்லை. ஹேகெ கம்பளி ஸ்வெட்டர்கள் பின்னி விற்று இருவர் வயிற்றையும் கழுவுகிறாள். வீட்டுக்கு எதிரே நுனி பட்டுப்போன இரண்டு ஆஸ்பென் மரங்கள் அருகருகே நிற்கின்றன. ஊரார் அவற்றுக்கு ‘மாத்திஸும் ஹேகெயும்’ என்று பெயர் சூட்டியிருப்பது அவன் காதிலும் விழுந்திருக்கிறது. அந்தக் கோடையில் ஒரு பறவை அவர்கள் வீட்டுக் கூரைக்கு மேலாகப் பறந்து போகிறது, ஒரு மரத்தில் இடி விழுகிறது, மரம் வெட்டும் தொழிலாளி ஒருவன் ஏரியைக் கடந்து வந்து சேர்கிறான். கதை நிகழ்ச்சிகள் என்று எடுத்துச் சொன்னால் இவ்வளவுதான். முடிவை நான் சொல்லப் போவதில்லை.

காவிரிக் கரை வாசகருக்கு ஸ்காண்டிநேவிய இலக்கியம் புதிய சரக்கன்று என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஸெல்மா லாகர்லெவின் நாவலை ‘மதகுரு’ என்றும், க்னுட் ஹாம்சனின் நாவலை ‘நிலவளம்’ என்றும், பேர் லாகர்குவிஸ்டின் ‘பாரபாஸ்’ நாவலை ‘அன்பு வழி’ என்றும் தமிழுக்குக் கொண்டுவந்தவர் தஞ்சை மாவட்டத்துக்காரரான க.நா.சுப்ரமண்யம். அதே லாகர்குவிஸ்டின் ‘குள்ளன்’ நாவலை மொழிபெயர்த்தவர் தேவங்குடியில் பிறந்த தி.ஜானகிராமன். கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் பழைய வாசகர்கள் வீட்டு அலமாரியில் இந்த நான்கில் ஒன்றாவது அட்டை கிழிந்து கிடக்கும். லாகர்லெவ் 1909இலும் ஹாம்சன் 1920இலும் லாகர்குவிஸ்ட் 1951இலும் நோபல் பரிசு பெற்றவர்கள். வேசாஸின் பெயர் பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் அந்தப் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. அந்த வரிசையில் அவர் நம் கைக்கு வராமல் போனதற்கு அதுவே காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். பரிசுப் பட்டியலைப் பார்த்துப் புத்தகம் தேடும் பழக்கம் நம்மிடம் இன்றைக்கும் போகவில்லை.

வேசாஸ் 1897இல் நார்வேயின் தெலெமார்க் பகுதியில் வின்யெ என்னும் ஊரில் விவசாயக் குடும்பத்தில் மூத்த மகனாகப் பிறந்தார். தலைமுறை தலைமுறையாக வந்த பண்ணையை ஏற்று நடத்த வேண்டிய மூத்த மகன், அதை ஏற்காமல் எழுத்துக்குப் போனார். ஆனாலும் ஊரைவிட்டுப் போகவில்லை. கவிஞர் ஹால்டிஸ் மோரெனை 1934இல் மணந்து, அதே வின்யெயில் மித்பே என்னும் பண்ணை வீட்டில் வாழ்ந்து 1970இல் இறந்தார். எழுதியது நீநோர்ஸ்க்கில். நார்வே மொழிக்கு இரண்டு எழுத்து வழக்குகள் உண்டு. அவற்றில் நாட்டுப்புறப் பேச்சு வழக்குகளிலிருந்து திரட்டி 19ஆம் நூற்றாண்டில் இவார் ஓசென் உருவாக்கியது இது. எண்ணிக்கையில் சிறுபான்மையினர் பயன்படுத்தும் வழக்கு. 2023இல் நோபல் பெற்ற யூன் ஃபொஸ்ஸெ எழுதுவதும் இதில்தான். நிலத்தை விட்டவர், ஆனால் நிலத்தில் வேலை செய்பவர்களின் கையையும் முதுகையும் மறக்காதவர் என்பதை நாவலின் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் உணரலாம்.

உதாரணத்துக்கு டர்னிப் வயல் காட்சி. அக்காவின் நச்சரிப்பு தாங்காமல் மாத்திஸ் வேலை தேடிப் போகிறான். ஒரு விவசாயி அவனை டர்னிப் வயலில் செடி கலைத்துவிடும் வேலைக்குச் சேர்த்துக்கொள்கிறார். நெருக்கமாக முளைத்திருக்கும் கன்றுகளில் வேண்டாததைப் பிடுங்கி, களையையும் எடுத்து, நல்ல கன்றை இடைவெளி விட்டு நிறுத்த வேண்டும். ஆளுக்கொரு வரிசை. பக்கத்து வரிசைகளில் காதலிக்கும் ஓர் இளம் ஜோடி வேலை செய்கிறது. மாத்திஸும் மற்றவர்களோடு சேர்ந்துதான் தொடங்குகிறான், விரல்களும் முதலில் ஒழுங்காகத்தான் ஓடுகின்றன. பிறகு ஒரு நினைப்பு குறுக்கே வருகிறது, விரல் நிற்கிறது. அந்த நினைப்பைத் தள்ளிவிட்டுக் குனிந்தால் அந்த ஜோடி கண்ணில் படுகிறது, இன்னொரு நினைப்பு வருகிறது. பிடுங்க வேண்டியது எது, விட வேண்டியது எது என்பது கலங்கிப் போகிறது. நிமிர்ந்து பார்க்கும்போது எல்லோருடைய முதுகும் தூரத்தில் தெரிகிறது. நம் சம்பா வயலில் களையெடுக்கும் பெண்களுக்கு நடுவே ஒருத்தி பின்தங்கிவிட்டால் அவளுடைய கையைவிட முகம்தான் முதலில் மாறும். அவளுக்குப் பின்னால் பறிக்காமல் நிற்கும் களை, அவள் எவ்வளவு பின்தங்கியிருக்கிறாள் என்பதை வரப்பில் நிற்பவருக்கெல்லாம் காட்டிக்கொண்டே இருக்கும். வேசாஸ் இந்த வெட்கத்தைப் பற்றி ஒரு வரிகூட விளக்கவில்லை. விரல் எப்போது நின்றது, எப்போது மறுபடி ஓடியது என்பதை மட்டும் எழுதுகிறார். சோம்பேறி என்று ஊர் முடிவு கட்டிய ஒருவன், அந்த வயலில் இருந்த எல்லோரையும்விடக் கடுமையாக உழைத்துக்கொண்டிருக்கிறான் என்பது நமக்கு மட்டும் தெரிகிறது.

தலைப்புக்குரிய பறவை வுட்காக் என்பது. நம் பக்கத்து வயல் சேற்றில் மழைக்காலத்துக்குப் பின் வந்திறங்கும் உள்ளானுக்கு நெருங்கிய உறவு. அதைப் போலவே நீண்ட அலகை ஈர மண்ணில் குத்தி இரை தேடுவது. இனப்பெருக்கக் காலத்தில் இதன் ஆண் பறவை, அந்தி நேரத்தில் காட்டு மரங்களுக்கு மேலாகக் குரல் கொடுத்துக்கொண்டே ஒரு குறிப்பிட்ட தடத்தில் திரும்பத் திரும்பப் பறக்கும். அந்தத் தடம் இந்த ஆண்டு தன் வீட்டுக் கூரைக்கு நேர் மேலே அமைந்துவிட்டது என்று மாத்திஸ் கண்டுபிடிக்கிறான். அவன் வாழ்க்கையில் நேர்ந்த மிகப் பெரிய செய்தி அது. அதை அக்காவிடம் சொல்ல ஓடுகிறான். நாளெல்லாம் பின்னிக் களைத்துப் படுத்திருப்பவளுக்கு அது ஒரு பறவை பறந்த செய்தி.

பிறகு காட்டுக்குள் ஈர மண்ணில் அந்தப் பறவையின் கால்தடங்களையும் அலகு குத்திய சிறு துளைகளையும் அவன் பார்க்கிறான். தனக்காக எழுதியது என்று எடுத்துக்கொள்கிறான். ஒரு குச்சியை எடுத்துப் பறவையின் பாஷையில், துளை துளையாகக் குத்திப் பதில் எழுதிவிட்டு வருகிறான். மறுநாள் போய்ப் பார்க்கிறான். பதிலும் வந்திருக்கிறது. இப்படி ஒரு காட்சியை எழுதப் புகுந்த எந்த எழுத்தாளனும் ஒன்று கேலியில் விழுவான் அல்லது உருக்கத்தில் விழுவான். வேசாஸ் இரண்டிலும் விழவில்லை. துளைகளின் எண்ணிக்கையையும் ஈரத்தின் பதத்தையும், வழக்கமாகக் கடிதம் படிப்பவன் எழுத்தைக் கவனிப்பதுபோல மாத்திஸ் கவனிக்கிறான், நாமும் கவனிக்கிறோம். பைத்தியக்காரத்தனம் என்ற சொல் வாசிக்கும்போது நினைவுக்கே வரவில்லை என்பதைப் புத்தகத்தை மூடிய பிறகுதான் உணர்ந்தேன். அந்தப் பறவைக்கு என்ன ஆகிறது என்பதையும் வாசகர் அந்த நெருக்கத்திலிருந்தே பார்க்க நேர்கிறது. தாங்கிக்கொள்ளச் சிரமமான பக்கங்கள் அவை.

இதே காவிரிப் படுகையில் எழுதப்பட்ட எம்.வி.வெங்கட்ராமின் ‘காதுகள்’ இந்த இடத்தில் நினைவுக்கு வராமல் இருக்காது. 1993இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அந்த நாவலின் மகாலிங்கம், தன் காதுக்குள் ஒலிக்கும் குரல்களால் அலைக்கழிக்கப்படுகிறான். மற்றவருக்குக் கேட்காதது இவனுக்குக் கேட்கிறது என்ற அளவில் இருவரும் ஒரே சாதி. ஆனால் மகாலிங்கத்துக்கு அந்தக் குரல்கள் வதை, அவற்றிலிருந்து தப்பிப்பதே அவன் போராட்டம். மாத்திஸுக்கோ பறவையின் செய்தி ஒன்றுதான் ஊரில் தனக்கென்று வந்த செய்தி. ‘காதுகள்’ படித்துவிட்டு ‘பறவைகள்’ படிப்பவருக்கு, மனம் நழுவும் இடத்தை இத்தனை வெவ்வேறு வெளிச்சத்தில் எழுத முடியும் என்பது விளங்கும்.

இனி ஹேகெ. கும்பகோணத்தில் நாங்கள் சிலர் கூடிப் புத்தகம் பேசும் இடத்தில், மாத்திஸின் கள்ளமற்ற மனத்தைப் பற்றி ஆளாளுக்கு உருகிக்கொண்டிருந்தபோது, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், “தம்பி, நீங்கள்லாம் பறவையையே பார்த்துட்டு இருக்கீங்க. அந்தப் பொண்ணு புத்தகம் முழுக்க ஊசியைக் கீழே வைக்கவே இல்லை, அதை யாராவது பார்த்தீங்களா?” என்று கேட்டார். அதன் பிறகு நாவலை மறுபடி எடுத்துப் படித்தபோது எனக்கு அது வேறொரு நாவலாக இருந்தது.

முதல் காட்சியிலேயே இருவரும் மாலையில் வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஹேகெ எட்டிதழ் ரோஜாப் பூக்கோலம் வைத்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருக்கிறாள். மாத்திஸ் அவள் தலையில் நரைமுடியைக் கண்டுபிடிக்கிறான். கண்டுபிடித்ததோடு நில்லாமல், வியப்போடு அவளிடம் சொல்லியும் விடுகிறான். அவனுக்கு அது ஒரு தகவல். நாற்பது வயதில், திருமணமாகாமல், தம்பியின் பசிக்குப் பின்னிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பதை வேசாஸ் அவள் பக்கம் போய் எழுதவே இல்லை. ஊசிகள் ஓடுகின்றன, அவ்வளவுதான். நாவல் முழுவதும் நாம் மாத்திஸின் கண் வழியாகவே பார்க்கிறோம். ஆகவே ஹேகெயின் எரிச்சல் நமக்கும் எரிச்சலாகப் படுகிறது, அவளுடைய களைப்பு நம் உற்சாகத்துக்குத் தடையாக வருகிறது, பறவை வந்த செய்தியை அவள் கொண்டாடவில்லையே என்று நாமும் அவள்மேல் குறைப்படுகிறோம். ஊர் மாத்திஸைக் காணாமல் கடந்துபோவதுபோல, மாத்திஸும் அவனோடு சேர்ந்து வாசகரும் ஹேகெயைக் காணாமல் கடந்துபோகிறோம். இந்த நாவலின் உண்மையான சாதனையாக நான் கருதுவது இதைத்தான். புத்தி மட்டான ஒருவன்மேல் இரக்கம் வரச் செய்வது கடினமான காரியமன்று, தேர்ந்த கதைக்காரர்கள் பலர் செய்திருக்கிறார்கள். அந்த இரக்கம் பெருகும் அதே நேரத்தில், அதற்கான செலவை யார் கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்பதை நாம் கவனிக்கத் தவறும்படி எழுதி, பிறகு மெல்ல அதை உணர்த்துவது அபூர்வம்.

அது உணர்த்தப்படும் இடம் யோர்கன் என்னும் மரவெட்டியின் வருகை. எந்த வேலைக்கும் ஒத்துவராத தம்பியை ஏதாவது ஒன்றில் ஈடுபடுத்தவேண்டி, ஏரியில் படகோட்டி ஆட்களை அக்கரை சேர்க்கும் வேலையைச் செய்யச் சொல்கிறாள் ஹேகெ. ஏரியைக் கடக்க அங்கே யாருமே வருவதில்லை. இருந்தாலும் மாத்திஸ் நாள் தவறாமல் தன் பழைய படகை எடுத்துக்கொண்டு போகிறான். அவனுக்குக் கிடைத்த ஒரே பயணி யோர்கன். தங்க இடமில்லாத அவனை மாத்திஸே வீட்டுக்கு அழைத்து வருகிறான். அதற்குப் பிறகு நடப்பது அவனுக்குப் பேரச்சம். அக்கா கைவிட்டுப் போய்விடுவாளோ என்ற அந்த அச்சத்தை நாமும் உள்ளிருந்து அனுபவிக்கிறோம். அப்போதுதான், ஓரக்கண்ணில் படுவதுபோல, ஹேகெயின் முகம் மாறியிருப்பது தெரிகிறது. அவளுக்கும் ஒரு வாழ்க்கை வேண்டியிருந்தது என்பது, நாவலின் பெரும்பகுதி கடந்தபின், அவனுக்கும் நமக்கும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் உறைக்கிறது. அவள் தம்பியை விட்டுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். யோர்கனும் கெட்டவனல்லன், மாத்திஸுக்குக் காட்டு வேலை கற்றுக்கொடுக்கப் பார்க்கிறான். குற்றம் சொல்ல ஓர் ஆள் கிடைத்திருந்தால் நமக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். வேசாஸ் அதற்கும் இடம் வைக்கவில்லை.

குறைகளும் உண்டு. யோர்கனுக்கு நல்ல கையும் நல்ல குணமும் தந்த ஆசிரியர், ஒரு மனிதனாக அவனை நினைவில் நிறுத்தும் எதையும் தரவில்லை. பெயர் சூட்டப்பட்ட இரண்டு மரங்களில் ஒன்றில் இடி விழுந்து, விழுந்தது யாருடைய மரம் என்று மாத்திஸ் கலங்கும் பகுதியில் குறியீடு சற்றுத் தூக்கலாகவே தெரிகிறது. அதை அவன் பயத்தோடு நன்றாகப் பிணைத்திருப்பதால் தப்பிக்கிறது. நடுப்பகுதியில், விடுமுறைக்கு வந்த ஆன்னா, இங்கெர் என்னும் இரண்டு பெண்கள் மாத்திஸிடம் சிநேகமாகப் பழகும் அத்தியாயங்கள் மிகவும் அழகானவை. கதையின் ஓட்டத்துக்கு அவை அவ்வளவு நீளம் தேவையில்லை. பாவம், ஒரு நாளாவது இவன் சந்தோஷமாக இருக்கட்டும் என்று ஆசிரியரே இரங்கிவிட்டாரோ என்று தோன்றியது.

நான் வாசித்தது தூர்ப்யோர்ன் ஸ்டேவெருடும் மைக்கேல் பார்ன்ஸும் சேர்ந்து செய்து 1968இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பு. இப்போது பெங்குவின் மாடர்ன் கிளாசிக்ஸ் வரிசையில் கிடைப்பது அதுவே. சிறு வாக்கியங்கள், சிறு அத்தியாயங்கள், எளிய சொற்கள். அகராதி தேடி எழுந்திருக்க வேண்டிய அவசியமே இராது. ஆங்கில நாவல் வாசிக்கப் பழகத் தொடங்கும் கல்லூரி மாணவர்களுக்கும் தயங்காமல் கொடுக்கலாம். ஆனால் எளிமையை நம்பி வேகமாகப் படித்தால் புத்தகம் கையில் நிற்காது. பல இடங்களில் மாத்திஸ் நினைப்பது எது, வாய்விட்டுச் சொன்னது எது என்று திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கும். அவனுக்கே அந்த எல்லை அவ்வளவு தெளிவில்லை.

புத்தகம் என்ற பொருளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இருநூற்றுச் சொச்சம் பக்கமுள்ள மெல்லிய பேப்பர்பேக். தஞ்சாவூருக்கும் மயிலாடுதுறைக்கும் இடையே பாசஞ்சர் ரயிலில் ஒரு கையில் பிடித்தபடி வாசிக்கத் தோதானது. தாள் மங்கலான வெள்ளை, அச்சு தெளிவு, முதுகை விரித்துப் பிடித்தாலும் பக்கம் கழலவில்லை. இணையத்தில் வாங்கியதில்தான் சங்கடம். ஐப்பசி அடைமழையில், அட்டைப் பெட்டி இல்லாமல் வெறும் பிளாஸ்டிக் உறையில் அனுப்பிவைத்தார்கள். கீழ் மூலை முழுக்க நனைந்து உப்பி வந்து சேர்ந்தது. படம் எடுத்து அனுப்பியதற்கு வருத்தம் தெரிவித்துப் பதில் வந்ததே தவிர வேறு பிரதி வரவில்லை. டெல்டாவில் இருப்பவர்கள் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு வாங்குவது அல்லது பேக்கிங் எப்படி என்று கேட்டுவிட்டு வாங்குவது நல்லது. மின்னூலாகவும் வாசிக்கலாம். அத்தியாயங்கள் சிறியவை என்பதால் கைபேசித் திரையிலும் தடையில்லாமல் ஓடும்.

யாருக்குப் பிடிக்காது என்றும் கேட்பார்கள். சம்பவம் அடுக்கடுக்காக வர வேண்டும் என்பவர்களுக்கும், கதாபாத்திரம் தன் துயரத்தைத் தானே எடுத்துரைக்க வேண்டும் என்பவர்களுக்கும் இது சரிப்படாது. வீட்டில் இப்படி ஒரு தம்பியையோ தங்கையையோ மகனையோ வைத்துப் பராமரிப்பவர்கள் வாசிப்பதானால், கடைசிப் பகுதி கடுமையானது என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு தொடங்கட்டும். நாவலைத் தழுவி போலந்தில் விட்டோல்ட் லெஷ்சின்ஸ்கி 1967இல் ஒரு படம் எடுத்தார். புத்தகத்துக்குப் பிறகு பார்க்கலாம், முன்னால் வேண்டாம்.

வேசாஸின் இன்னொரு புகழ்பெற்ற நாவல் ‘பனி அரண்மனை’ 1963இல் வெளிவந்து, அடுத்த ஆண்டு நோர்டிக் கவுன்சில் இலக்கியப் பரிசைப் பெற்றது. பதினொரு வயதுச் சிறுமிகள் இருவரைப் பற்றியது, இதைவிடச் சிறியது, இதைவிட அதிகமாகப் பேசப்படுவது. இரண்டையும் சேர்த்தே வாங்க முடியுமானால் வாங்கலாம். ஒன்றுதான் முடியும் என்றால், சிறியது என்ற காரணத்துக்காக அதை முதலில் எடுக்காதீர்கள். அந்த நாவலின் மௌனம் இதைவிட இறுக்கமானது, ஆசிரியரின் நடை பழகாதவருக்கு அது எளிதில் பிடி கொடுக்காது. ‘பறவைகள்’ படித்த கையோடு போனால் சிரமம் இராது.